ரிவ்யூவுக்கு வந்த கட்டுரை

அன்புள்ள நண்பா,

பதில் போட மூன்று வாரம் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. பேப்பர் திருத்தி முடித்து நிமிர்ந்தால் ஓர் ஆய்வு ஜர்னலிலிருந்து, வெளியிடலாமா என்று பார்த்துச் சொல்லச் சொல்லி, ரிவ்யூவுக்குக் கட்டுரை வந்து கிடக்கிறது. பதினைந்து நாளில் கருத்துச் சொல்ல வேண்டும், வழக்கம்போல் சல்லிக்காசு கிடையாது.

திறந்தால் இரண்டாம் பக்கத்தில் 'கவுண்டர்ஃபீட் கான்ஷியஸ்னஸ்' என்று இருக்கிறது. ஏதோ வேதாந்த சமாச்சாரம் போல என்று கொஞ்ச நேரம் முழித்தேன், அப்புறம்தான் உறைத்தது, அது நம்ம ஆர்ட்டிஃபிஷியல் இன்டலிஜென்ஸ்! காப்பியடித்ததைப் பிடிக்கும் சாஃப்ட்வேரில் சிக்காமல் இருக்க, யாரோ எழுதியதை எடுத்து வார்த்தை மாற்றும் கருவியில் ஓட்டியிருக்கிறார்கள். பிரான்ஸில் கியோம் கபானாக் என்ற கணினி ஆய்வாளரும் கூட்டாளிகளும் 2021-லேயே இந்த மாதிரிச் சொற்களுக்கு 'சித்திரவதைச் சொற்றொடர்கள்' என்று பெயர் வைத்துத் துரத்த ஆரம்பித்துவிட்டார்கள். அவர்கள் பிடித்ததில் பிரெஸ்ட் கேன்சர் 'புஸம் பெரில்' ஆகியிருந்தது, மார்புக்கு வந்த ஆபத்தாம்.

வேண்டாம் என்று எழுதி அனுப்பிவிட்டேன். ஆனால் எழுதிய பையன் மேல் முழுக் கோபம் வரவில்லை. பிஎச்.டி. தீசிஸ் கொடுக்குமுன் கட்டுரை வந்தாக வேண்டும் என்ற கட்டாயத்தை யுஜிசி 2022-லேயே எடுத்துவிட்டது, இங்கே யார் விடுகிறார்கள்? ஏற்கத்தக்க ஜர்னல்கள் என்று வைத்திருந்த கேர் பட்டியலையும் 2025 பிப்ரவரியில் கைவிட்டு, நல்ல ஜர்னல் எது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். சரி, இனியாவது கட்டுரையைப் படிப்பார்கள் என்று நினைத்தேன். எங்கள் கமிட்டியில் இப்போதும் "ஸ்கோபஸா சார்?" என்ற ஒரே கேள்விதான், அதாவது ஸ்கோபஸ் என்ற பெரிய ஜர்னல் பட்டியலில் இருக்கிறதா என்று. பட்டியலில் இருந்தால் போதுமென்றால் ஹிந்தாவி பதிப்பகத்தின் கதை என்ன? வைலி என்ற பெரிய பதிப்பகம் அதை 2021-ல் கிட்டத்தட்ட 30 கோடி டாலர் கொடுத்து வாங்கி, பிறகு 11,000-க்கும் மேல் கட்டுரைகளைத் திரும்பப் பெற்று, கடைசியில் அந்தப் பெயரையே கைவிட்டது. அந்த ஜர்னல்களில் பல, பெரிய பட்டியல்களில் இருந்தவைதான்.

உன் மகள் பிளஸ் டூ முடித்தாளே, என்ன சேர்த்தாய்? எழுது.

அப்புறம் ஓர் உதவி. ஜர்னல்களுக்கு அரசே சந்தா கட்டும் 'ஒரு நாடு ஒரு சந்தா' திட்டம் மூன்று வருடத்துக்கு 6,000 கோடி, 30 பதிப்பகங்கள் என்று வந்ததே, அது அரசுக் கல்லூரியில் இருக்கும் உனக்குத்தான், தனியாரில் இருக்கும் எனக்கு இல்லை. நான் ஓசியில் ரிவ்யூ செய்து கொடுத்த அதே ஜர்னலில் போன வருடம் வந்த கட்டுரை ஒன்றைப் படிக்க என்னிடம் 40 டாலர் கேட்கிறான். லிங்க் வாட்ஸ்அப்பில் போடுகிறேன், நீ இறக்கி அனுப்பிவிடுடா.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்