இசே கோயிலுக்குப் போய்வந்தேன்

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்துவிட்டது என்று படித்ததும் நிம்மதி. பேத்தி நடக்க ஆரம்பித்தாளா?

நான் ஜப்பானில், நகோயாவில் மகன் வீட்டில் இருக்கிறேன். போன வாரம் இசே கோயிலுக்குக் கூட்டிப்போனான். ஜப்பானியரின் பழைய மதமான ஷிண்டோவின் கோயில் அது. ரயிலில் ஒன்றரை மணி நேரம். முதலில் கெகூ என்னும் வெளிக்கோயில், பிறகு சூரிய தேவி அமதெராசுவின் உள்கோயில் நைகூ. அங்கே அதுதான் முறை. இசுசு ஆற்றில் கை நனைத்துவிட்டு, பெரிய மரங்களுக்கு நடுவே சரளைக்கல் பாதையில் நடந்தோம்.

அங்கே நிற்கும்போது, மரவேலை செய்த உன் அப்பாவைத்தான் நினைத்துக்கொண்டேன். 20 வருடத்துக்கு ஒருமுறை, பக்கத்து மனையில் அதே அளவில் புதுக்கோயில் கட்டி தேவியைக் குடியேற்றிவிட்டு, பழையதைப் பிரித்துவிடுகிறார்கள். கி.பி. 690இல் ஜிதோ பேரரசி காலத்தில் தொடங்கிய வழக்கம். நடுவில் உள்நாட்டுப் போர்களால் நூறு வருடத்துக்கும் மேல் நின்றுபோய், திரும்பவும் தொடர்ந்திருக்கிறது. 2013இல் நடந்தது 62ஆவது முறை, அடுத்தது 2033. அதற்கான சடங்குகள் 2025லேயே ஆரம்பித்துவிட்டன.

ஹினோக்கி என்னும் ஜப்பானிய சைப்ரஸ் மரத்தூண்களை அடிக்கல் இல்லாமல் நேராக மண்ணில் நடுகிறார்கள். வண்ணம் கிடையாது, கூரை புல்வேய்ச்சல். ஈரத்தில் அடிமரம் உளுத்துப்போகும் என்று தச்சர்களுக்குத் தெரியாதா? ஆனால் இந்த முறையில், இருபது வயதில் எடுபிடியாக நின்றவன் நாற்பதில் தானே முன்னின்று கட்டலாம், அறுபதில் இளையவர்களுக்குச் சொல்லித்தரலாம். நூல்பிடிப்பதும் இழைப்பதும் கைவிட்டுப் போகாது. உன் அப்பா கேட்டிருந்தால் பூரித்துப்போயிருப்பார்.

பழைய மரத்தையும் வீணாக்குவதில்லை. உள்கோயிலுக்குப் போகும் உஜி பாலத்தின் இரு முனைகளிலும் இருக்கும் தோரி வாயில்கள், முந்தைய கோயில்களின் முகட்டைத் தாங்கிய தூண்களால் ஆனவை. அங்கே 20 வருடம் நின்றபின் குவானா, செகி என்ற ஊர்களுக்குப் போய் மறுபடி வாயிலாகின்றன. ஒரு மரத்துக்கு 60 வருட உழைப்பு!

மூலக்கோயிலைப் பார்க்க முடியாது. வேலிக்கு மேலே கூரை கொஞ்சம் தெரிகிறது, வாசலில் வெள்ளைத் திரை. இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, மறுபடி ஒருமுறை குனிந்து கும்பிட்டேன். எனக்கு அது போதுமானதாகவே இருந்தது.

சரி, அப்பாவின் உளிகளும் இழைப்புளியும் பரணில்தான் கிடக்கின்றனவா? தம்பி மகன் மரவேலை கற்க ஆசைப்படுகிறான் என்று எழுதியிருந்தாயே, அவனிடம் எடுத்துக்கொடேன். அடுத்த மாதம் ஊருக்கு வந்ததும் வீட்டுக்கு வருகிறேன். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராமு