கொழுப்பு செல்கள் எங்கும் போய்விடுவதில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, இரைப்பையைச் சின்னதாக்கினால் சாப்பாடு குறையும், எடை இறங்கும், அவ்வளவுதான் என்று முடித்துவிட்டது. விஷயம் அதைவிடப் பெரியது.

ஸ்லீவ் முறையில் இரைப்பையில் சுமார் 75 முதல் 80 சதவீதத்தை வெட்டி எடுக்கிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் பெரும்பாலும் அந்தப் பகுதியில்தான் சுரக்கிறது, அதனால் பசியே தணிந்துபோகிறது. இரைப்பையைச் சிறு பையாக்கி நேரே சிறுகுடலோடு இணைக்கும் பைபாஸ் முறையில் உணவு வேகமாகச் சிறுகுடலின் கீழ்ப்பகுதிக்குப் போவதால், இன்சுலின் சுரப்பைத் தூண்டும் ஜிஎல்பி-1 ஹார்மோன் எகிறுகிறது. எடை பெரிதாக இறங்கும் முன்பே, சில நாட்களிலேயே பலருக்குச் சர்க்கரை கட்டுக்குள் வர இதுவும் ஒரு காரணம்.

அப்புறம் கொழுப்புத் திசு. செல்கள் காற்றுப்போன பலூன் மாதிரி சுருங்குகின்றனவே தவிர, எண்ணிக்கை குறைவதில்லை. 2008-இல் வெளியான ஸ்வீடன் ஆய்வு, சிகிச்சைக்கு இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தும் இதைத்தான் சொன்னது. திசுவில் இருந்த அழற்சி தணியும், இன்சுலின் நன்றாக வேலை செய்யும், நல்லதுதான். ஆனால் 2024-இல் சூரிச் ஆய்வாளர்கள், எடை குறைந்த பிறகும் பழைய பருமனின் தடயம் அந்தச் செல்களின் மரபணுச் செயல்பாட்டில் தங்கியிருப்பதைக் காட்டினார்கள். போதாக்குறைக்கு, பசியை அடக்கும் லெப்டின் ஹார்மோன் குறைகிறது, சும்மா இருக்கும்போது உடல் எரிக்கும் கலோரியும் குறைகிறது. சில வருடங்களில் எடை கொஞ்சம் திரும்பினால் "வாயைக் கட்டவில்லை" என்று திட்டுகிறோமே, அது என்ன நியாயம்?

வாழ்நாள் முழுக்க பி12, இரும்பு, கால்சியம் மாத்திரைகள் தேவைப்படும் என்பதைக் கட்டுரை ஒரு வரிகூடச் சொல்லவில்லை. அடுத்த முறையாவது சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்