டிங்கிக்கு மேப்பு இருக்கு, இனிப்பு நீருக்கு ஏன் இல்ல?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

பிறை பக்கம் ஃபிளாட்டுல இருக்கிறவங்களுக்கு இது நல்லாவே தெரியும். ஒரு வீட்ல டிங்கி வந்தா டாக்டர் 24 மணி நேரத்துக்குள்ள சுகாதார இலாகாவுக்கு சொல்லியாகணும், சட்டமே அப்படி, அட்ரஸ் போன கையோட புகை அடிக்க வந்திடுவாங்க, கேஸ் தொடர்ந்துச்சுன்னா டிங்கி பரவுற இடங்கள மேப்புல காட்டுற ஐடெங்கி வெப்சைட்டுல நம்ம தாமான் பேரே ஏறிடும்.

இனிப்பு நீருக்கு, அதான் சர்க்கரை வியாதிக்கு, அப்படி ஒண்ணும் கிடையாது. 2023 தேசிய சுகாதார ஆய்வுல மலேசியாவுல பெரியவங்கள்ல 15.6 விழுக்காட்டு பேருக்கு இருக்குன்னு சொன்னாங்க, அதுல இந்தியர்கள்தான் முதலிடம் (எதுல முதலிடம் வாங்குறோம் பாருங்க). கேட்டா சோறு, தே தாரேக்னு நம்ம வாய் மேலதான் பழி. வாயும் காரணம்தான், இல்லேங்கல. ஆனா டாக்டர் தினமும் அரை மணி நேரம் நடங்கன்னு சொல்லி அனுப்புறாரே, எங்க போயி நடக்கிறது? எங்க ஃபிளாட்டுக்கு கீழ நடைபாதைல பாதி மோட்டோர் பார்க்கிங், மீதியில லோங்காங் (சாக்கடை) மூடியக் காணோம், யாரோ பலகை போட்டு வச்சது மழையில ஊறிப்போயி கெடக்கு. முட்டி வலிக்கிற பாட்டிங்க அதுக்கு பயந்துகிட்டு கன்டேனர் லோரி ஓடுற ரோட்டோரமா நடக்கிறாங்க.

எந்த ஃபிளாட்டுல இனிப்பு நீர்காரங்க ஜாஸ்தின்னு கிளினிக்குக்கு தெரியும், எந்த ரோட்டுல ஆளு அடிபடுதுன்னு போலீசுக்கு தெரியும், எங்க நடைபாதை இல்லேன்னு ஊராட்சி மன்றத்துக்கு தெரியும். ஆனா மூணையும் ஒரே மேப்புல போட்டு பாக்கிறதுக்குத்தான் ஆள் இல்ல. 2025 ஏப்ரல் 28ல தரவுப் பகிர்வுச் சட்டம் அமலுக்கு வந்துச்சே, இனிமே எல்லாம் ஒண்ணா வரும்னு பாத்தா அது கூட்டரசு இலாகாக்களுக்கு மட்டும்தானாம். கிளினிக் கூட்டரசு, போலீஸ் கூட்டரசு, ஊராட்சி மன்றம் மாநிலத்துக்கு கீழ. நடைபாதை போடுறவங்களே அந்த சட்டத்துல இல்ல!

நோயாளி பேரு வெளிய போயிடும்னு சிலர் பயப்படுவாங்க, நியாயம்தான். பிரிட்டன்ல கார்டிஃப் நகர்ல அடிதடியில காயம்பட்டு ஆஸ்பத்திரிக்கு வர்றவங்ககிட்ட எங்க, எப்ப, எதால அடிச்சாங்கன்னு மட்டும் கேட்டு, பேரை எடுத்துட்டு போலீசுக்கும் கவுன்சிலுக்கும் கொடுத்தாங்க, அந்த ஊரு மாதிரியே இருக்கிற மத்த ஊருங்கள விட அங்க ஆஸ்பத்திரியில சேர்ற கேஸ் நல்லா கொறஞ்சிருக்குன்னு 2011ல ஆய்வே வந்துச்சு. நமக்கும் புளோக் வரைக்கும் தெரிஞ்சா போதும், வீட்டு நம்பர் எதுக்கு? ஒரு புளோக்குல ரெண்டு மூணு பேர்தான்னா அதையும் காட்ட வேணாம், அக்கம்பக்கத்துல யாருன்னு கண்டுபிடிச்சிடுவாங்க.

பினாங்கு அரசாங்கம் இதுக்காக கோலாலம்பூர் சட்டத்த மாத்துற வரைக்கும் உக்காந்திருக்கணும்னு இல்ல, சுகாதார இலாகாவோட தனியா ஒரு ஒப்பந்தம் போட்டுக்கலாம். அடுத்த வருஷம் எந்த ரோட்டுக்கு நடைபாதைன்னு காசு ஒதுக்கிறதுக்கு முன்னாடி அந்த மேப்ப மேசையில வைக்கட்டும், எங்க ஃபிளாட்டு அந்த லிஸ்டுல வரலேன்னாலும் பரவால்ல.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பிறை, பினாங்கு