ஹீட் சிங்க்குக்கு அடியில் ஒரு நம்பர்

மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியத்தாருக்கு,

வணக்கம். கோவையில் நெசவு இயந்திரங்களுக்கு கன்ட்ரோல் பேனல் செய்யும் சின்னப் பட்டறை எங்களுடையது. தைவானிலிருந்து 120 மோட்டார் டிரைவ் போர்டுகள் வரவழைத்தோம். கேட்டது 415 வோல்ட், வந்தது 230. தவறு தங்களுடையதுதான் என்று அனுப்பியவர்களே ஒப்புக்கொண்டு திருப்பி அனுப்பச் சொன்னார்கள். வரி கட்டி இறக்கிய சரக்கைப் பயன்படுத்தாமல் இரண்டு வருடத்துக்குள் திருப்பி அனுப்பினால், கட்டிய வரியில் 98 சதவீதம் திரும்பக் கிடைக்கும் என்கிறது 1962-ஆம் வருடச் சுங்கச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு. சரக்கு விமானம் ஏறி 14 மாதம் ஆகிறது. பணம் வரவில்லை.

எந்த ஊர் சுங்க அலுவலகம் என்று எழுதப்போவதில்லை. எங்கே போனாலும் இதே கதைதான் என்கிறார் எங்களுக்காகச் சுங்க வேலைகளைப் பார்க்கும் கிளியரிங் ஏஜென்ட்.

வந்த சரக்கும் போன சரக்கும் ஒன்றுதான் என்று காட்ட வேண்டும். நியாயம்தான், நல்லதை விற்றுவிட்டுக் குப்பையை அனுப்புகிறவர்களும் இருப்பார்கள். ஆனால் சரக்கு இறங்கும்போது சுங்கத்தில் கொடுக்கும் பில் ஆஃப் என்ட்ரியில் மாடல் பெயரும் எண்ணிக்கையும் மட்டுமே இருந்தன. சீரியல் நம்பரை அன்று யாரும் கேட்கவில்லை. ஏற்றுமதியின்போது கேட்டார்கள். நம்பர் ஸ்டிக்கரோ ஹீட் சிங்க்குக்கு (போர்டின் சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு) அடியில், நாலு ஸ்க்ரூவைக் கழற்றினால்தான் தெரியும். அதிகாரி முன்னாலேயே கழற்றிக் காட்டினோம். பார்த்தார், குறித்துக்கொண்டார், கையெழுத்துப் போட்டு அனுப்பினார். மூன்று மாதம் கழித்து வேறொரு மேசையிலிருந்து கேள்வி: படத்தில் ஸ்க்ரூவில் கீறல் தெரிகிறதே, பயன்படுத்திய சரக்கா? பயன்படுத்தியது என்றால் மாதக் கணக்குப்படி சதவீதம் இறங்கிக்கொண்டே போகும், 18 மாதம் தாண்டிய சரக்குக்கு ஒன்றுமே கிடையாது. கழற்றாவிட்டால் அடையாளம் இல்லை, கழற்றினால் புதுசு இல்லை. நாங்கள் என்னதான் செய்திருக்க வேண்டும்?

அப்புறம் இந்த டெஃபிஷியன்சி மெமோ, அதாவது விண்ணப்பத்தில் குறை இருக்கிறது என்று திருப்பி அனுப்பும் கடிதம். விண்ணப்பித்து ஒரு மாதத்துக்குள் பணம் தராவிட்டால், 75ஏ பிரிவின்படி எங்களுக்கு வட்டி சேரும். மெமோ வந்துவிட்டாலோ விண்ணப்பமே கொடுக்கவில்லை என்று கணக்கு. வட்டி நாள் மறுபடி முதலிலிருந்து. முதல் மெமோ, இன்வாய்ஸில் மாடல் பெயருக்கு நடுவே ஒரு சிறுகோடு விட்டுப்போனதற்காக. இரண்டாவது அந்த ஸ்க்ரூ. மூன்றாவதில், முன்பே கொடுத்த இன்வாய்ஸை மறுபடி கேட்டார்கள்.

கேட்க இருப்பதையெல்லாம் ஒரே மெமோவில் கேட்டுவிடச் சொல்லுங்கள். எலெக்ட்ரானிக் சரக்கு இறங்கும்போதே சீரியல் நம்பர் பட்டியலை பில் ஆஃப் என்ட்ரியோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், நாங்கள் சந்தோஷமாகத் தருவோம். பெட்டியைத் திறந்து பார்த்தவர் எழுதியதை, பெட்டியைப் பார்க்காதவர் வெறும் சந்தேகத்தை வைத்து மாற்றக்கூடாது.

நாலாவது மெமோ போன வாரம் வந்தது. போர்டுகளின் படம் கலரில் வேண்டுமாம். நாங்கள் கொடுத்தது கலர்தான், அலுவலகத்தில்தான் கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
கோவையிலிருந்து ஒரு பட்டறைக்காரன்