பிளாக்குக்குள்ளேயே ஒரு வார்டர் வேண்டும்

பெறுநர்
காவல்துறை தலைமை இயக்குநர் அவர்கள்,
சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறை, சென்னை.

பொருள்: சிறைத் தொகுதிகளுக்குள் காவலரைப் பணியமர்த்தக் கோருதல்.

ஐயா, வணக்கம்.

என் தம்பி ரிமாண்டில் இருக்கிறான். எந்தச் சிறை, என்ன பெயர் என்று எழுதவில்லை, எழுதினால் அதற்கும் சேர்த்து அவன்தான் வாங்கிக்கட்டிக்கொள்வான். போன மாதம் மனு போட்டு அவனைப் பார்க்கப் போனபோது கன்னம் வீங்கியிருந்தது. குழாயடியில் வரிசைத் தகராறாம், நாலு பேர் சேர்ந்து அடித்திருக்கிறார்கள், சத்தம் கேட்டு வார்டர் பூட்டைத் திறந்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவரை மட்டும் குறை சொல்லி என்ன? நீள வராந்தா, வரிசையாக அறைகள், கடைசியில் கம்பிக் கதவு, அதற்கு அந்தப் பக்கம் அவர். அவர் ரவுண்டு வருகிற நேரம் போக மீதி நேரமெல்லாம் உள்ளே பலசாலி வைத்ததுதான் சட்டம். கேமரா இருக்கிறது என்றார்கள், குழாயடிக்கு அது எட்டாதாம்.

அமெரிக்காவில், கலிபோர்னியாவின் கான்ட்ரா கோஸ்டா கவுன்டியில், மார்ட்டினெஸ் என்ற ஊரில் 1981-இல் ஒரு சிறை திறந்தார்கள். நடுவில் பொதுக்கூடம், சுற்றிலும் அறைகள், காவலர் தடுப்பு எதுவும் இல்லாமல் கைதிகளுக்கு நடுவிலேயே இருப்பார். யாருக்கு யார்மேல் புகைச்சல் என்பது கைகலப்பு ஆவதற்கு முன்பே அவர் காதுக்கு வந்துவிடும். அதே மாதிரி கட்டிவிட்டுக் காவலரைக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்த சிறைகளும் அந்நாட்டில் உண்டு, அதை நான் கேட்கவில்லை.

நம் ஊரில் பாதுகாப்பு என்றாலே பிரித்து அடைப்பது என்றாகிவிட்டது. பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகத் தனித்தனித் தொகுதி வைத்ததற்கு, மோதலைத் தவிர்க்கத்தான் என்று காரணம் சொன்னார்கள். 2024 அக்டோபர் 3 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை, சாதிப் பிரிவினை இல்லாமல் ஒழுங்கைக் காப்பது அதிகாரிகள் பொறுப்பு என்றது. சரி, அப்படியானால் அதற்கு உள்ளே ஆள் வேண்டாமா? உண்மையில் பிரிக்க வேண்டியவர்களை 1894-ஆம் ஆண்டு சிறைச் சட்டம், 27-ஆம் பிரிவில் சொல்கிறது: விசாரணைக் கைதிகள் தனி, தண்டனைக் கைதிகள் தனி. தம்பியை அடித்தவர்களில் ரெண்டு பேர் தண்டனைக் கைதிகள்.

ஆகவே காலைத் திறப்பிலிருந்து மாலை அடைப்பு வரை ஒவ்வொரு பிளாக்குக்குள்ளும் ஒரு வார்டர் இருக்க உத்தரவிடுங்கள், அதற்கு வேண்டிய ஆட்களையும் எடுங்கள், பழைய கைதியை மேஸ்திரியாக்கி அந்த வேலையைத் தள்ளிவிடாதீர்கள். அப்புறம், இனிமேல் கட்டுகிற தொகுதிகளிலாவது குழாயடியும் கழிவறை வாசலும் அவர் கண்ணில் படுகிற மாதிரி வரைபடம் போடச் சொல்லுங்கள்.

எனக்குப் பதில் அனுப்ப வேண்டாம். சுற்றறிக்கையாக எல்லாச் சிறைக்கும் போனால் போதும், அடுத்த மனுவில் தம்பியிடமே கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு விசாரணைக் கைதியின் அக்கா