அக்கா மகனுக்கு, அந்த விமானப் படத்தைப் பற்றி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

போன வாரம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நீ போட்ட பி-17 குண்டுவீச்சு விமானத்தின் படத்தைப் பார்த்தேன். ஏஐ வைத்துத் துல்லியமாக்கியது என்று எழுதியிருந்தாய். எல்லாரும் கைதட்டினார்கள். நான் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல நினைத்தது குழுவில் இரண்டு வரிக்குள் அடங்காது, அதனால்தான் இங்கே எழுதுகிறேன். உன்னைப் போல விமானப் பித்துப் பிடித்த பிள்ளைகள் வேறு யாரும் இருந்தால் அவர்களும் படிக்கட்டும்.

அந்தப் படத்தை விரல் வைத்துப் பெரிதாக்கிப் பார். வாலில் எண் இருக்க வேண்டிய இடத்தில் எண் மாதிரி ஒரு கிறுக்கல் இருக்கிறது. தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகளின் வரிசை ஒன்று தகட்டின் விளிம்பைத் தாண்டி ஓடுகிறது. மங்கலாக இருந்த இடங்களில் மென்பொருள் தனக்குத் தோன்றியதை வரைந்து நிரப்பிவிட்டது. அந்த ரிவெட்டை எந்தத் தொழிலாளியும் அடிக்கவில்லை, மாப்பிள்ளை. எனக்கு அதுதான் உறுத்துகிறது.

அப்படித் துலக்கத் தேவையே இல்லாத அசல் படங்கள் அமெரிக்காவின் தேசிய நூலகம் போன்ற லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1942 ஜூனில் அந்நாட்டு அரசு போர்த் தகவல் அலுவலகம் என்று ஒன்றைத் தொடங்கியது. அதற்காக ஆல்ஃபிரட் பால்மர் என்ற புகைப்படக்காரர் அதே ஆண்டு அக்டோபரில் கலிஃபோர்னியாவின் இங்கிள்வுட், லாங் பீச் ஆகிய ஊர்களில் இருந்த விமானத் தொழிற்சாலைகளுக்குப் போனார். கையில் பெரிய கேமரா. உள்ளே கோடாக் நிறுவனத்தின் கோடாக்குரோம் வண்ண ஃபிலிம், சுருளாக இல்லாமல் 4க்கு 5 அங்குலத் தனித்தனித் தாள்களாக. நம் வீட்டு ஆல்பத்துப் படங்களை எடுத்த 35 மி.மீ. ஃபிலிமோடு ஒப்பிட்டால் பரப்பளவு ஏறக்குறைய 15 மடங்கு. படம் எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாமல் நிற்பதற்கு முதல் காரணம் அந்தப் பரப்பளவுதான். வண்ணம் வெளுக்காததற்குக் காரணம் கோடாக்குரோமின் சாயம். இருட்டில் பத்திரமாக வைத்தால் பல பத்தாண்டுகள் தாங்கும்.

ஆனால் அந்த ஃபிலிம் ஒளியை மிக மெதுவாகத்தான் வாங்கும். தொழிற்சாலைக்குள் படமெடுக்க விளக்குகளைக் கொண்டுபோய் நிறுத்தி, வேலை செய்பவர்களை அசையாமல் நிற்கச் சொல்லித்தான் எடுத்திருக்க முடியும். ஆகவே இவற்றை யதார்த்தப் படங்கள் என்று எண்ணிவிடாதே. இவை அரசின் பிரச்சாரப் படங்கள். அலுத்துக் களைத்த முகத்தை இவற்றில் தேடினாலும் பார்ப்பது அரிது. ஆனால் பால்மர் அடுக்கிவைக்காத பொருள்களும் படத்துக்குள் வந்துவிட்டன: மேசையோரத்துத் திருகாணி, தகட்டில் பென்சிலால் போட்ட கோடு, கைரேகை அழுக்கு. என் கண் எப்போதும் அங்கேதான் போகும்.

ஒரு படத்தை மட்டும் நீ அவசியம் பார்க்க வேண்டும். லாங் பீச்சில் இருந்த டக்ளஸ் நிறுவன ஆலையில் ஏ-20 என்ற குண்டுவீச்சு விமானங்களின் கண்ணாடி போன்ற மூக்குகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. பெண்கள் அவற்றைத் துடைத்து மெருகேற்றுகிறார்கள். ஒவ்வொரு மூக்கின் வளைவிலும் கூரை விளக்குகள் புள்ளி புள்ளியாக மின்னுகின்றன. இந்த விளக்குகளின் இடத்தில் விரைவில் பெர்லின், டோக்கியோ வானத்து நட்சத்திரங்கள் தெரியும் என்கிறது அதன் மூலக் குறிப்பு. எவ்வளவு அழகான வரி, எவ்வளவு பயங்கரமான வரி! அந்த மூக்குக் கூண்டுக்குள் குண்டு வீசுபவன் உட்காருவான் என்பதும், அந்த ஊர்களில் தூங்கிக்கொண்டிருக்கும் குழந்தைகள் உண்டு என்பதும் குறிப்பில் இல்லை. துடைக்கும் பெண்களின் பெயரும் இல்லை. விமானத்தின் ரகத்தை மட்டும் மறக்காமல் எழுதியிருக்கிறார்கள்.

படத்தின் காலத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். அமெரிக்க விமானங்களின் வெள்ளை நட்சத்திரத்துக்கு நடுவில் முன்பு சிவப்புப் பொட்டு இருந்தது. ஜப்பானியரின் சிவப்பு வட்டத்தோடு குழம்பி சொந்த விமானத்தையே சுட்டுவிடக் கூடாது என்று 1942 மே மாதம் அதை எடுத்துவிட்டார்கள். 1943 ஜூனில் இரு பக்கமும் வெள்ளைப் பட்டை சேர்ந்தது. பொட்டும் இல்லாமல் பட்டையும் இல்லாமல் இருந்தால், பெரும்பாலும் இடைப்பட்ட அந்த ஓராண்டுப் படம். கறுப்பு வெள்ளைப் படங்களில் இன்னும் கவனம் வேண்டும். பழைய ஆர்த்தோகுரோமேட்டிக் ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது, மஞ்சளும் கறுத்தே விழும். பிரிட்டிஷ் வட்டச் சின்னத்தின் மஞ்சள் வளையம் கறுப்பாகத் தெரிவது அதனால்தான். இது தெரியாமல் மென்பொருள் வண்ணம் பூசினால் என்ன ஆகும் என்று நீயே யோசி.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து நாஷ்வில்லில் 1943 பிப்ரவரியில் எடுத்த இன்னொரு பால்மர் படம் நமக்குக் கொஞ்சம் உறவு. வல்டீ நிறுவனத்தின் விமான ஆலையில் ஒரு பெண் வெஞ்சன்ஸ் என்ற விமானத்தில் கைத்துளைக் கருவியால் துளை போடுகிறார். கிட்டத்தட்ட செங்குத்தாகப் பாய்ந்து குண்டு போட வடிவமைத்த விமானம் அது. இதே ரகத்தைத்தான் 1943 கடைசியிலும் 1944இலும் பர்மா முனையில் இந்திய விமானப் படையின் 7, 8ஆம் ஸ்குவாட்ரன் (படைப்பிரிவு) விமானிகள் ஓட்டினார்கள். அந்தப் படத்தை முதன்முதலில் முழு அளவில் திறந்தபோது கருவியைப் பிடித்திருக்கும் அந்தக் கையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஆலையின் துளைகளை நம்பித்தான் நம் ஆட்கள் தலைகீழாகப் பாய்ந்திருக்கிறார்கள்.

தளத்தில் தேடும்போது சுருக்கிய சிறிய ஜேபெக் படக் கோப்பை எடுத்துவிட்டு நிறுத்திவிடாதே. அடியில் இருக்கும் முழு அளவிலான பெரிய டிஃப் படக் கோப்பை இறக்கு. இறங்க நேரமாகும், பரவாயில்லை. முதலில் நான்கு மூலைகளையும் பார், நடுவில் இருக்கும் விமானத்தைக் கடைசியில் பார்.

அப்புறம், உன் அலமாரியில் பிரிக்காமல் இருக்கும் அந்த பி-25 குண்டுவீச்சு விமான மாடல் பெட்டி. இங்கிள்வுட் படங்களில் அந்த விமானத்தின் உட்பகுதிகள் உலோகம் அரிக்காமல் இருக்கப் பூசிய ஜிங்க் குரோமேட் பூச்சின் மஞ்சள் கலந்த பச்சையில் தெரிகின்றன. உள்ளே சாம்பல் நிறம் பூசிவிடாதே. பொங்கலுக்கு வருகிறேன், கோப்புகளைப் பெரிய திரையில் போட்டுப் பார்த்து நாமே நிறத்தைக் கலக்கலாம்.

அன்புடன்,
மாமா