எபாக்ஸி செட்டில் தவறான ஹார்டனர்: புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். போனில் பேசிப் பேசித் தொண்டை வற்றிவிட்டது, அதனால் எழுதித் தருகிறேன்.

நீங்கள் அனுப்பிய எபாக்ஸி பசை செட்டில், ரெசின் டின்னில் கலக்கும் விகிதம் 'கனஅளவில் 2:1' என்று இருக்கிறது. ரெசினை இறுகவைக்கக் கூட வந்த ஹார்டனர் பாட்டிலிலோ 'எடையில் 100:10'. இரண்டும் ஒரே செட் இல்லை என்று நான் சொல்லியா உங்களுக்குத் தெரியவேண்டும்? கலக்குவதற்கு முன்பே போன் செய்து கேட்டேன். "டின்ல போட்டிருக்கிறபடி கலக்குங்க சார்" என்றார்கள். கலந்தேன்.

ராயபுரம் மொட்டைமாடியில் நானே கட்டும் மரக் காயாக் என்ற சிறு துடுப்புப் படகில், ஆள் உட்காரும் குழியைச் சுற்றி வரும் காக்பிட் விளிம்புக்குத்தான் கலந்தேன். தண்ணீர் தாங்கும் ஐஎஸ் 710 மரைன் பிளைவுட்டை வளையங்களாக அறுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, மேல் வளையத்தை மட்டும் வெளியே நீட்டி விடவேண்டும். இடுப்பில் மாட்டி அந்தக் குழியை மூடும் ஸ்ப்ரே ஸ்கர்ட்டின் எலாஸ்டிக் அந்த நீட்டலுக்கு அடியில்தான் பிடிக்கும். அது பிய்ந்தால் அலைத் தண்ணீர் நேராக மடியில். தெரிந்த ஆசாரிகளிடமெல்லாம் சி கிளாம்ப் கடன் வாங்கிச் சுற்றிலும் இறுக்கினேன். மறுநாள் கழற்றினால் வளையங்கள் நகர்ந்து கிடக்கின்றன. நகத்தால் அழுத்தினால் பசை இன்றைக்கும் குழிகிறது.

"சென்னை வெயிலுக்கு அப்படித்தான் ஆகும்" என்றார் உங்கள் ஊழியர். சூட்டில் எபாக்ஸி சீக்கிரம் இறுகும் ஐயா, குளிரில்தான் தாமதமாகும்! காசிமேட்டில் படகுக்கு ஃபைபர் போடுகிற பையனைக் கேட்டாலும் சொல்வான். அப்புறம் சிரித்துக்கொண்டே, "பொம்மைப் படகுக்கெல்லாம் எங்க ரெசின் இல்ல சார்" என்றார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

பாட்டிலை நேரில் கொண்டுவரச் சொன்னதும் அவர்தான். ராயபுரத்திலிருந்து கிண்டி குடோனுக்கு, விளிம்பையும் தூக்கிக்கொண்டு, பஸ்ஸில்! வாசலில் செக்யூரிட்டி, "இன்னைக்கு ஸ்டாக் எடுக்கிறாங்க, யாரையும் பார்க்க முடியாது" என்றார்.

உங்கள் ரெசினைக் குறை சொல்லவில்லை. போனமுறை வாங்கியதில் அடிப்பாகத்துக்கு ஒட்டிய ஃபைபர் துணி கல் மாதிரி நிற்கிறது. ஆனால் இப்போது என் பிளை போச்சு, மழைக்கு முன்னால் எண்ணூர் முகத்துவாரத்தில் இறக்கலாம் என்றிருந்த படகே போச்சு.

சரியான ஹார்டனரும் பிளைக்கான பணமும் இந்த வாரத்துக்குள் வரவேண்டும். தயவுசெய்து கலக்கும் விகிதத்தை எழுத்தில் கொடுங்கள். இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்வேன், சென்னை வடக்கு நுகர்வோர் ஆணையத்துக்கும் போவேன். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு அங்கே புகார்க் கட்டணம் கிடையாது, தெரியும்தானே?

பில்லும் இரண்டு லேபிள்களின் போட்டோவும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ராயபுரம் வாடிக்கையாளர்

பி.கு.: பதில் சொல்ல அந்த ஊழியரிடம் மட்டும் போனைக் கொடுக்காதீர்கள்.